ஒரு மனையை இரண்டாக்கும் முன்: குடியிருப்பு நிலத்தை உட்பிரிவு செய்து முதலீடு செய்யத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே உரிமை ஆவணத்தில் அடங்கிய குடியிருப்பு மனையை, தனித்தனியே விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகச் சட்டப்படி பிரிப்பதையே உட்பிரிவு என்கிறோம். நடுவில் ஒரு வேலி போட்டுவிட்டாலோ, பங்காளிகள் பேசிப் பங்கு வைத்துக்கொண்டாலோ அது உட்பிரிவு ஆகிவிடாது. திட்ட அதிகாரி ஒப்புதல் தந்து, நில அளவையர் எல்லைக்கல் நட்டு, பதிவேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் ஏறிய பிறகுதான் புதிய மனை என்று ஒன்று உண்டாகிறது. இதில் ஆதாயம் வருவதற்கான காரணம் எளிமையானது. வீடு கட்ட விரும்பும் குடும்பத்துக்குத் தேவையானது அந்த வீடு அமையும் அளவுக்கான நிலம். அதற்கு மேல் கிடைக்கும் வெற்றிடத்துக்கு அவர்கள் அதே விகிதத்தில் பணம் தருவதில்லை. ஆகவே பெரிய மனையைவிடச் சிறிய மனையின் சதுர அடி விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து செலவு, வட்டி, வரி எல்லாம் போக மிஞ்சுவதே லாபம்.

மிஞ்சுமா, மிஞ்சாதா என்பது நிலத்தை வாங்கும் நாளிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. புதிதாக இறங்குபவர்கள் மனையின் மொத்தப் பரப்பைப் பார்த்து மயங்குகிறார்கள். ஆனால் உட்பிரிவு நடக்குமா என்பதைச் சொல்வது பரப்பு அல்ல, அந்த நிலத்தில் எது மிகவும் நெருக்கடியாக இருக்கிறதோ அதுதான். சில மனைகளில் அது முகப்பின் அகலம். சிலவற்றில் வீட்டுக்கும் எல்லைக்கும் இடையிலுள்ள சந்து. இன்னும் சிலவற்றில் தெருவில் புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாயின் ஆழம். அதனால்தான், கைப்பணம் பெரிதாக இறங்குவதற்கு முன் எவற்றையெல்லாம் படித்தும் அளந்தும் முடிக்கலாமோ அவற்றை முதலில் வைத்து இந்தப் படிகளை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: விதிகளைப் படிப்பது

எந்த நிலத்தையும் நேரில் பார்க்கப் போகும் முன், அந்தப் பகுதிக்கான நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் மனைப்பிரிவு விதிகளையும் உள்ளாட்சி அமைப்பிடம் அல்லது திட்ட அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுப் படித்துவிட வேண்டும். உங்களுக்கு வேண்டியவை நான்கு எண்கள்: ஒரு மனைக்கான குறைந்தபட்சப் பரப்பு, சாலையை ஒட்டிய குறைந்தபட்ச அகலம், பின்பக்க மனைக்குப் போகும் வழியின் குறைந்தபட்ச அகலம், கட்டடத்துக்கும் எல்லைக்கும் இடையே விட வேண்டிய தூரம். இவற்றோடு ஒரு கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது: அந்த வழியின் பரப்பு மனையின் பரப்போடு சேர்த்துக் கணக்கிடப்படுமா? பல ஊர்களின் விதிகளில் அது சேராது. இந்த ஒரு பதிலால் கணக்கு எப்படித் தலைகீழாகிறது என்பதை அடுத்த படியில் காணலாம்.

எண்கள் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. விண்ணப்பிப்பவர் யார், எதற்காகப் பிரிக்கிறார் என்பதையும் சில சட்டங்கள் பார்க்கின்றன. கலிபோர்னியாவில் 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த செனட் மசோதா 9, தனி வீடுகளுக்கான நகர்ப்புற மனையை இரண்டாகப் பிரிக்க நேரான வழியைத் திறந்துவிட்டது. ஒவ்வொரு துண்டும் பொதுவாக 1,200 சதுர அடிக்குக் குறையக் கூடாது, சிறிய துண்டு மூல மனையில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பவை அதன் அளவுகள். ஆனால் விண்ணப்பிக்கும் உரிமையாளர், அங்குள்ள வீடுகளில் ஒன்றில் குறைந்தது 3 ஆண்டுகள் தாமே குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று உறுதிமொழியும் தர வேண்டும். வாங்கிப் பிரித்து உடனே விற்க நினைப்பவருக்கு இந்த ஒரு வரி கதவை அடைத்துவிடுகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, வீடுகளுக்கு மட்டுமன்றி மனைகளுக்கும் பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைகள் பிரித்து விற்பவர், ஆணையத்தில் பதிவு செய்யும் முன் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அங்கீகாரமில்லாமல் புதிதாகப் போடப்பட்ட மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்யவே தடை விதிக்கிறது. நாட்டுக்கு நாடு, சில வேளைகளில் ஊருக்கு ஊர், விதி மாறும் என்பதால், வேறோர் இடத்தில் ஒருவர் செய்து காட்டியதை உங்கள் ஊரிலும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: அளவுநாடாவோடு மனையைச் சுற்றி வருவது

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். அகலம் 15 மீட்டர், நீளம் 60 மீட்டர், மொத்தம் 900 சதுர மீட்டர் கொண்ட மனை விற்பனைக்கு வருகிறது. முன்பக்கம் நல்ல நிலையில் ஒரு வீடு, பின்பக்கம் காலி. ஒரு மனைக்குக் குறைந்தபட்சம் 400 சதுர மீட்டர் என்பது விதி. 900 இருக்கிறதே, இரண்டு மனை போக 100 மிச்சம் என்று தரகர் சொல்வார். கேட்பவருக்கும் சரியென்றே படும்.

இப்போது வழியை வரைந்து பாருங்கள். பின்மனைக்குச் சாலையிலிருந்து 3.5 மீட்டர் அகலத்தில் வழி விட வேண்டும் என்றால், முன்மனையின் அகலம் 11.5 மீட்டராகச் சுருங்குகிறது. அது 400 சதுர மீட்டரைத் தொட, நீளம் சுமார் 34.8 மீட்டர் வேண்டும். பின்னால் மிஞ்சுவது 25.2 மீட்டர் நீளம். அதை 15 மீட்டரால் பெருக்கினால் 378 சதுர மீட்டர். வழியின் பரப்பு கணக்கில் சேராத ஊரில் இந்த மனை 22 சதுர மீட்டர் குறைவால் தோற்றுப்போகிறது. கோட்டை எங்கே நகர்த்தினாலும் இரு பக்கமும் ஒருசேரத் தேறாது. இதே 900 சதுர மீட்டர் இரு தெருக்கள் சந்திக்கும் மூலை மனையாக இருந்திருந்தால், நீளத்தைக் குறுக்கே வெட்டி, தலா 15-க்கு 30 மீட்டரில் 450 சதுர மீட்டராக இரண்டு மனைகள் எளிதில் கிடைத்திருக்கும். வழிக்கென்று ஓர் அடியும் இழக்க வேண்டியதில்லை. மூலை மனைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பரப்பு தேறினாலும் வீடு இடம் கொடுக்க வேண்டும். மேற்சொன்ன வீட்டின் அகலம் 11 மீட்டர், இடப்பக்க எல்லையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், வலப்பக்கம் மிஞ்சுவது 2.5 மீட்டர் மட்டுமே. வழிக்கு 3.5 மீட்டரும், புதிய எல்லைக்கும் சுவருக்கும் இடையே 1 மீட்டரும் கேட்டால், 4.5 மீட்டர் வேண்டிய இடத்தில் 2 மீட்டர் குறைகிறது. வீட்டின் ஓர் அறையை இடிக்க வேண்டும், அல்லது வீட்டையே இடிக்க வேண்டும். அளக்கும்போது சுவரிலிருந்து மட்டும் அளக்காமல் கூரையின் விளிம்பு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிரூட்டிப் பெட்டி, படிக்கட்டு, எல்லைப் பக்கம் திறக்கும் சன்னல்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய எல்லை நெருங்கி வரும்போது, அந்தப் பக்கச் சன்னலை அடைக்கவோ சுவரைத் தீத்தடுப்புச் சுவராக மாற்றவோ உத்தரவு வரக்கூடும். பழைய வீடு புதிய மனைக்குள் நின்றபடி இன்றைய விதிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதைத் தொடக்கக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். வண்டி நிறுத்துமிடம் பின்பக்கம் இருந்தால், அதற்கு முன்பக்கம் மாற்றிடம் காட்டவும் வேண்டும்.

மூன்றாம் படி: தரைக்குக் கீழே பார்ப்பது

உட்பிரிவில் மிகுதியான பணம் விழுங்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். தெருவிலுள்ள கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கச் செய்து, அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளப்பது சில நிமிட வேலை. உள்ளாட்சிப் பொறியாளரின் வரைபடத்திலும் இந்த ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். அதை ஏன் அளக்க வேண்டும் என்றால், கழிவுநீர் தானாக ஓட வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 60-க்கு 1 என்ற சரிவு, அதாவது 60 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம், கொடுப்பதாகக் கொள்வோம். பின்மனையில் எழும் வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை 45 மீட்டர் தூரமானால், குழாய் 75 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். வீட்டருகே குழாய் தரைக்குக் கீழே 45 சென்டிமீட்டரில் தொடங்கினால், சமதளமான நிலத்தில் தெருவில் அது 120 சென்டிமீட்டர் ஆழத்தில் சேரும். தொட்டியின் ஆழம் 90 சென்டிமீட்டர்தான் என்றால், 30 சென்டிமீட்டர் குறைகிறது. நிலம் பின்பக்கமாகச் சரிந்து 1 மீட்டர் தாழ்ந்திருந்தால் குறை 130 சென்டிமீட்டராகிவிடும்.

இந்தக் குறையை நிரப்ப மூன்று வழிகள்: பின்மனையில் மண் கொட்டி உயர்த்துவது, மோட்டார் வைத்து இறைப்பது, பக்கத்து நிலத்தின் வழியே தாழ்ந்த குழாய்க்குக் கொண்டுபோவது. முதலாவதற்குத் தாங்கு சுவர் வேண்டும். இரண்டாவதைச் சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள்; ஏற்றாலும் வாங்குபவர் விலையைக் குறைப்பார். மூன்றாவது முழுக்க முழுக்க அடுத்த வீட்டுக்காரரின் சம்மதத்தில் தொங்குகிறது. மழைநீருக்கும் இதே தர்க்கம்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும் மனையில் மழைநீரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை அதை வாங்க வேண்டாம். மின்கம்பத்தின் இருப்பு, குடிநீர்க் குழாயின் அழுத்தம், காக்கப்பட வேண்டிய பெருமரங்கள், வெள்ளம் ஏறும் மட்டம் ஆகியவற்றையும் இதே சுற்றில் குறித்துவிடலாம்.

நான்காம் படி: உரிமை ஆவணம்

தாய்ப்பத்திரம் வரை தேடி வில்லங்கம் பார்ப்பது வழக்கமான வேலை. அதை வழக்கறிஞர் செய்வார். உட்பிரிவுக்காக அவரிடம் தனியே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த மனையின்மேல் மற்றவருக்கு வழியாகவோ குழாய், கம்பி கொண்டுபோகவோ வசதியுரிமை இருக்கிறதா, இருந்தால் அது புதிய கட்டடம் எழ வேண்டிய இடத்தை அறுத்துக்கொண்டு போகிறதா என்பது. மற்றொன்று, முன்பு மனை போட்டவர் “இந்த மனையில் ஒரு வீட்டுக்கு மேல் கூடாது” என்பது போன்ற நிபந்தனை எதையும் எழுதி வைத்திருக்கிறாரா என்பது. திட்ட விதி அனுமதித்தாலும், இத்தகைய தனியார் நிபந்தனை பல நாடுகளில் உங்களைக் கட்டுப்படுத்தும். நீக்குவதற்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ தேவைப்படலாம்.

ஐந்தாம் படி: பின்னிருந்து போடும் கணக்கு

கேட்கும் விலையிலிருந்து கணக்கைத் தொடங்கக் கூடாது. இறுதியில் விற்கும் விலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். எண்களை அலகாக வைத்துப் பார்ப்போம். இரண்டு மனைகளும் சேர்ந்து 170-க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம்; அதுதான் வரவு. செலவில் பதிவுக் கட்டணமும் வழக்கறிஞரும் 6, திட்டம் முடியும்வரை வட்டியும் சொத்து வரியும் 8, அளவையும் வரைபடமும் 4, அரசுக் கட்டணமும் உள்கட்டமைப்புப் பங்களிப்பும் 7, குழாய், வடிகால், பாதைப் பணிகள் 15, விற்பனைச் செலவு 4, எதிர்பாராதவற்றுக்கு 5, மொத்தம் 49. எடுக்கும் ஆபத்துக்கு ஈடாக 25 லாபம் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், நிலத்துக்குத் தரக்கூடிய உச்ச விலை 96. விற்பவர் 100 கேட்கிறார் என்றால், அந்த 4 அலகு வேறுபாடு உங்கள் லாபத்திலிருந்து போகிறது என்று தெரிந்தே பேசுங்கள்.

அடுத்து இந்தக் கணக்கை உலுக்கிப் பார்க்க வேண்டும். 100-க்கே வாங்கியதாக வைத்தால் லாபம் 21. அனுமதி தாமதமாகி வைத்திருக்கும் காலம் இரட்டிப்பானால் கூடுதல் செலவு 8. அதற்குள் சந்தை 5 விழுக்காடு இறங்கினால் இழப்பு 8.5. மிஞ்சுவது 4.5 அலகுகள், அதுவும் வரிக்கு முந்தையது. ஒரு தாமதமும் ஒரு சிறிய இறக்கமும் சேர்ந்து லாபத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும் மனையை, முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதே விலைகளில், பிரிக்காமல் அப்படியே வாடகைக்கு விட்டாலும் வட்டியைத் தாங்கக்கூடிய வீடுள்ள மனை, தொடக்கக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு. காத்திருக்கும் மாதங்களில் அது தன் செலவைத் தானே ஓரளவு சுமக்கும்.

விற்கும் விலையை அனுமானிக்கும்போது, அந்தத் தெருவிலோ அடுத்தடுத்த தெருக்களிலோ அதே அளவுள்ள பின்மனை உண்மையில் என்ன விலைக்குப் பதிவானது என்று பாருங்கள். பின்மனை முன்மனையைவிடக் குறைவாகவே போகும். இரண்டுக்கும் ஒரே விலை போட்டுக் கணக்கை அழகாக்கிக்கொள்வது பரவலான தவறு.

ஆறாம் படி: ஒப்பந்தமும் கடனும்

இத்தனையும் பார்த்த பிறகும் திட்ட அனுமதி உறுதியில்லை என்பதால், விற்பனை ஒப்பந்தத்தில் ஆய்வுக்கெனக் கால அவகாசம் கேட்கலாம். அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம் முடியும் என்ற நிபந்தனை கிடைத்தால் மிக நல்லது. விற்பவர் சம்மதிக்காவிட்டால், முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையுடன் சில வாரங்களாவது வாங்கப் பாருங்கள். அந்த வாரங்களில் நில அளவையரையும் திட்ட ஆலோசகரையும் மனைக்கு அழைத்து வந்துவிட வேண்டும். முதல் செலவு நில அளவையருக்கே போகட்டும்; எல்லை எங்கே என்று தெரியாமல் வரையும் வீட்டு வரைபடத்தால் பயனில்லை.

கடன் வாங்குவதாக இருந்தால், இந்த நிலத்தைப் பிரிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடமானத்தில் உள்ள மனையைப் பிரிக்க வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவைப்படும். பிரித்த பின் ஒரு துண்டை விற்கும்போது, அத்துண்டை மட்டும் அடமானத்திலிருந்து விடுவிக்க எவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்பதையும் வங்கியே தீர்மானிக்கும். விற்ற பணம் முழுவதையும் கடனுக்கே எடுத்துக்கொள்ளும் நிலை வந்தால், மீதி வேலைக்குக் கையில் பணமிருக்காது. இதைக் கடன் ஆவணத்தில் கையெழுத்திடும் முன்பே பேசி எழுதி வாங்குவது நல்லது.

ஏழாம் படி: அனுமதியும் நிபந்தனைகளும்

விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன், திட்ட அதிகாரியுடன் ஒரு முன்னாலோசனைக் கூட்டம் கேளுங்கள். வரைவுப் படத்தை மேசையில் விரித்து, எங்கே சிக்கல் வரும் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது மாதக்கணக்கான திருத்தங்களை மிச்சப்படுத்தும். அதன் பிறகு நில அளவையர் தயாரிக்கும் உட்பிரிவு வரைபடம், குழாய்த் திட்டம், விளக்கக் குறிப்பு ஆகியவற்றுடன் விண்ணப்பம் போகும். தீயணைப்பு, குடிநீர், சாலைத் துறைகள் தத்தம் கருத்தைச் சொல்லும். சில ஊர்களில் அண்டை வீட்டாருக்கும் அறிவிப்புப் போகும்.

வரும் ஒப்புதல், கிட்டத்தட்ட எப்போதும் நிபந்தனைகளோடு வரும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே யார் செய்வது, எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி, ஐந்தாம் படியின் கணக்கை மறுபடியும் போடுங்கள். பணி தொடங்கும் முன்பாக நிறைவேற்ற வேண்டியவை எவை, புதிய ஆவணம் கிடைக்கும் முன்பாக நிறைவேற்ற வேண்டியவை எவை என்று பிரித்துக்கொள்வதும் அவசியம். ஒப்புதலுக்கு ஆயுளும் உண்டு: கனடாவின் ஒன்டாரியோவில் நிலத்தைப் பிரிக்கக் கிடைக்கும் ஒப்புதலின் நிபந்தனைகளை 2 ஆண்டுகளுக்குள் நிறைவேற்றாவிட்டால், விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

எட்டாம் படி: பணிகளும் புதிய ஆவணமும்

களப்பணியில் வரிசை முக்கியம். கழிவுநீரும் மழைநீரும் ஆழமான குழாய்கள் என்பதால் அவை முதலில். குடிநீரும் மின்கம்பியும் பிறகு. பாதைக்குக் கான்கிரீட் போடுவது கடைசியில். பாதையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு குழாய்க்காக அதை வெட்டுவது வீண் செலவு. பழைய வீட்டின் குழாய் எதுவும் புதிய பின்மனைக்குள் புகுந்து போகிறதா என்று தோண்டும்போதே பார்த்து, இருந்தால் மாற்றிப் போடுங்கள், அல்லது அதற்கென வசதியுரிமையை வரைபடத்தில் எழுதிவிடுங்கள். மண்ணை மூடும் முன் ஒவ்வொரு குழாயையும் அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வைப்பது, பின்னால் வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உதவும்.

பணி முடிந்ததும் உள்ளாட்சி ஆய்வு செய்து நிறைவுச் சான்று தரும். நில அளவையர் எல்லைக்கற்களை நட்டு இறுதி வரைபடத்தைத் தாக்கல் செய்வார். பதிவு அலுவலகம் பழைய ஆவணத்தை மூடிப் புதியவற்றைத் திறக்கும். களத்தில் வேலை முடிந்தது என்பதற்காக இக்கட்டத்தை எளிதாக நினைக்க வேண்டாம். ஒரு சிறு பாக்கிக் கட்டணமோ, ஒரு துறையின் கையெழுத்தோ வராததால் வாரக்கணக்கில் வட்டி ஓடும். நிறைவுச் சான்றுக்கான தாள்களைப் பணி நடக்கும்போதே ஒவ்வொன்றாகச் சேகரித்து வைப்பவருக்கு இந்தத் தாமதம் வருவதில்லை.

ஒன்பதாம் படி: விற்பனையும் வரியும்

வரி ஆலோசகரை விற்கும்போது அல்ல, வாங்கும்போதே பார்க்க வேண்டும். நீண்ட காலம் வைத்திருந்த நிலத்தை விற்றால் மூலதன ஆதாயமாகக் கருதப்படும் தொகை, விற்பதற்கென்றே வாங்கிப் பிரித்து விற்கும்போது பல நாடுகளில் தொழில் வருமானமாகக் கருதப்படலாம். வரி விகிதமும் கழிவுகளும் அதற்கேற்ப மாறும். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட விற்பனைக்கு ஜி.எஸ்.டி.யும் வரக்கூடும், தகுதியுள்ள விற்பனையில், விற்பவரும் வாங்குபவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், முழு விலைக்குப் பதிலாக வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டும் அவ்வரியைக் கணக்கிடும் முறை ஒன்று அங்கே உண்டு. அந்த ஒப்புதலைக் கிரயத்துக்கு முன்பே வாங்க வேண்டும் என்பதால், தாமதமாக அறிந்தால் வீணாகிவிடும்.

மூல மனைக்குக் கொடுத்த விலையை இரண்டு துண்டுகளுக்கும் எந்த அடிப்படையில் பங்கிட்டீர்கள், பரப்பின்படியா மதிப்பின்படியா, என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வீடிருக்கும் முன்மனையும் வெறும் பின்மனையும் பரப்பில் ஒன்றாக இருந்தாலும் மதிப்பில் ஒன்றல்ல. பிரித்த நாளன்று ஒரு மதிப்பீட்டாளரிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வாங்கி, பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். ஒரு துண்டை விற்று, மற்றொன்றைப் பல ஆண்டுகள் வாடகைக்கு வைத்திருந்து விற்கும்போது, அந்தச் சான்றைத்தான் வரி அதிகாரி முதலில் கேட்பார்.